பேய், பூதம், கழுது, அலகை: எல்லாம் ஒன்றுதானா?

கேள்வி இது: "செட்டிநாட்டுப் பழைய வீடு ஒன்றில் நடக்கும் கதை எழுதுகிறேன். பேய், பேய் என்றே எழுதி அலுத்துவிட்டது. அகராதியில் பூதம், பிசாசு, அலகை, கழுது, கூளி, அணங்கு என்று வரிசையாக இருக்கின்றன. எல்லாம் ஒரே பொருள்தானே? மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாமா?"

போட்டுக்கொண்டால் கதை கெட்டுவிடும். அகராதி உங்களை ஏமாற்றவில்லை. ஆனால் அந்த வரிசை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி போன்ற நிகண்டுகள் மனப்பாடம் செய்வதற்காகச் செய்யுளில் கட்டப்பட்டவை. பாட்டெழுதுகிறவனுக்கு எதுகைக்கும் மோனைக்கும் கைவசம் சொல் வேண்டும். அதற்காக ஒரு பொருளைச் சுற்றி நிற்கும் பெயர்களையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி வைத்தார்கள். எது எதிலிருந்து எப்படி வேறுபடும் என்று சொல்வது அவர்கள் வேலையாக இல்லை. பின்னால் வந்த அகராதிகள் அந்தக் கட்டை அவிழ்க்காமல் அப்படியே இறக்கி வைத்தன. அதனால்தான் கழுது என்றாலும் பேய், கூளி என்றாலும் பேய், மண்ணை, குணங்கு என்றாலும் பேய் என்று கிடக்கிறது.

பழைய நூல்களோ இவற்றைத் தனித்தனியாகத்தான் பார்த்தன. மதுரைக்காஞ்சியில் நள்ளிரவு மதுரையைப் பற்றி ஓர் இடம் வருகிறது: "பேயும் அணங்கும் உருவுகொண்டு ஆய்கோல் கூற்றக் கொல்தேர் கழுதொடு கொட்ப". பேய், அணங்கு, கழுது மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன. மூன்றும் ஒன்றென்றால் புலவர் மூன்று தடவை சொல்லியிருக்க மாட்டார்.

முதலில் பேயையே எடுத்துக்கொள்வோம். தொல்காப்பிய உரியியலில் ஒரு நூற்பா: "பேநாம் உரும்என வரூஉம் கிளவி ஆமுறை மூன்றும் அச்சப் பொருள". பே, நாம், உரும் மூன்றுக்கும் அச்சம் என்று பொருள். பேய் என்ற சொல்லை இந்தப் பே-யோடு சேர்த்துப் பார்ப்பதே இயல்பு. செத்தவர் ஆவி என்ற எண்ணம் அந்தச் சொல்லின் உள்ளே கட்டாயமாக இல்லை. அச்சம் தருவது எதுவோ அது பேய். இன்று நாம் பேய் என்றவுடன் தூக்கு மாட்டிக்கொண்டவர், கிணற்றில் விழுந்தவர் என்று போய்விடுகிறோம். சங்கப் பாட்டில் வரும் பேய் அப்படி யாருடைய ஆவியும் அல்ல. போர்க்களத்தில் தனி இனமாகத் திரிகிற ஒன்று.

இதே சொல் முன்னொட்டாகப் போகும்போது இன்னும் விரிகிறது. பேய்ச்சுரை, பேய்ப்புடல், பேய்ப்பீர்க்கு, பேய்க்குமட்டி: இவற்றில் ஆவியும் இல்லை, அச்சமும் இல்லை. காட்டில் தானாய் முளைப்பது, கசப்பது, உலைக்கு ஆகாதது என்பதுதான் பொருள். நாய்க்கடுகு, நாய்த்துளசி என்பதில் நாய் செய்கிற வேலையை இங்கே பேய் செய்கிறது. பேய்மழை, பேய்க்காற்று என்றால் அளவு மீறியது. பேயன் என்றால் புத்தி பேதலித்தவன்; பேயன் வாழைப்பழமும் உண்டு. அந்தப் பேயன் சிவன் என்று சொல்லிப் பூவனைப் பிரமனோடு சேர்த்துக் கதை சொல்வார்கள். சொற்பிறப்பாக அதை நம்ப வேண்டியதில்லை, கேட்க நன்றாக இருக்கும்.

எனக்கு மிகப் பிடித்தது பேய்த்தேர். கானல்நீருக்கு அப்படி ஒரு பெயர். அகநானூற்று 67ஆம் பாட்டில் நோய்பாடியார் இதை "உருஇல் பேஎய் ஊராத் தேர்" என்கிறார். உருவமே இல்லாத பேய், யாரும் ஏறி ஓட்டாத தேர். வெயிலில் நிலம் அலையடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சித்திரை வைகாசியில் நண்பகலில் காரைக்குடியிலிருந்து தேவகோட்டைப் பக்கம் வண்டியில் போங்கள், தார்ச்சாலை மேல் அந்தத் தேர் உங்களுக்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் கதை பகலில் நடக்குமானால் இந்தச் சொல்லை விட்டுவிடாதீர்கள்.

இனி, இந்தச் சொற்கள் பலவற்றிலும் திரும்பத் திரும்பத் தென்படும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அச்சமும் காவலும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. உங்கள் கதைக்கு உண்மையில் உதவப் போவது இதுதான் என்று நினைக்கிறேன்.

கடி என்ற சொல்லைப் பாருங்கள். நிகண்டில் பேய்க்கு ஒரு பெயர். தொல்காப்பியம் இந்தச் சொல்லுக்குப் பத்துப் பொருள் அடுக்குகிறது. அதில் அச்சமும் உண்டு, காப்பும் உண்டு. கடிமரம் என்றால் காவல்மரம். புறநானூறு 281இல் அரிசில்கிழார் ஒரு வீட்டைக் காட்டுகிறார். போரில் புண்பட்டவன் உள்ளே கிடக்கிறான். இரவத் தழையும் வேப்பிலையும் வீட்டில் செருகுகிறார்கள். ஐயவி, அதாவது வெண்கடுகு, சிதறுகிறார்கள். மணி அடிக்கிறார்கள், காஞ்சி பாடுகிறார்கள், வீடு முழுக்க "கடிநறை" புகைக்கிறார்கள். புண்ணைப் பேய் தீண்டாமல் காக்கத்தான் இத்தனையும். தொல்காப்பியம் தொடாக்காஞ்சி என்று இதற்குத் துறையே வகுத்திருக்கிறது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவதை நாம் பார்த்திருக்கிறோம். கண்ணேறு கழிக்க மிளகாயோடு கடுகையும் சுற்றி அடுப்பில் போடுவதும் நமக்குத் தெரியும். பொருள்கள் அநேகமாக அவையேதான்.

கழுதும் அப்படித்தான். அகநானூறு 122இல் பரணர், ஊர் அடங்கிய பிறகும் கூகை "கழுது வழங்கு யாமத்து அழிதகக் குழறும்" என்கிறார். இங்கே கழுது பேய். மலைபடுகடாத்தில் "கழுதிற் சேணோன்" வருகிறான். அங்கே கழுது தினைப்புனத்துக் காவல் பரண், அதன் மேல் உயரத்தில் இருக்கிற காவலாள் அவன். ஒரே எழுத்துக்கூட்டில் இரவில் உலவுவதும் இருக்கிறது, இரவில் காப்பதும் இருக்கிறது. இரண்டும் ஒரே வேரா, வேறு வேறா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. கதைக்காரருக்கு அந்த இரட்டைப் பொருளே போதும்.

கூளியைப் பற்றிக் கொஞ்சம் கவனம் வேண்டும். கூளி தனியாகத் திரிவதில்லை. அது யாருக்காவது படை, யாருக்காவது ஏவலாள். திருமுருகாற்றுப்படையில் "குறும்பல் கூளியர்" முருகனைச் சூழ்ந்து நிற்கிறார்கள். புறநானூறு 23இல் கல்லாடனார், பாண்டியன் நெடுஞ்செழியனுடைய வில்வீரர்களையே கூளியர் என்று சொல்லி, முருகனுடைய சுற்றத்தோடு ஒப்பிடுகிறார். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் காளிக்குப் போர்ச்செய்தி சொல்வதே ஒரு கூளிதான். அந்தப் பரணியில் பேய்கள் களத்தில் கூழ் காய்ச்சி, பந்தி வைத்து, குருட்டுப் பேய், ஊமைப் பேய், விருந்துப் பேய் என்று ஆள் பார்த்து ஊற்றுகின்றன. நம் ஊர்க் கல்யாணப் பந்தியில்கூட இவ்வளவு ஒழுங்கு இருக்காது. ஆகவே தனி வீட்டில் ஒற்றையாய் நடமாடும் ஒன்றுக்குக் கூளி என்று பெயர் வைத்தால் பொருந்தாது.

பூதம் வேறு சாதி. இது வடசொல், உண்டானது, இருப்பது என்பது அடிப்படைப் பொருள். அதனால்தான் நிலம் நீர் தீ காற்று வெளி ஐம்பூதம்; இறந்தகாலத்துக்கும் பூதகாலம் என்று பெயர். அச்சம் இதில் பின்னால் ஏறியது. பேய்க்கும் பூதத்துக்கும் நாட்டுவழக்கில் தெளிவான வேறுபாடு உண்டு. பேய் மெலிந்தது, உலர்ந்தது, தலைவிரித்தது. பூதம் குட்டை, தொந்தி, பலசாலி. கோயிலில் நிமிர்ந்து பாருங்கள். பழைய கற்றளிகளில் கூரை வளைவுக்குக் கீழே வரிசையாக உருண்டை வயிற்றோடு சிலர் ஆடுவார்கள், மத்தளம் அடிப்பார்கள், கையால் பாரம் தாங்குவார்கள். அதற்குப் பூதவரி என்று பெயர். புதுக்கோட்டைப் பக்கம் போனால் நார்த்தாமலை, கொடும்பாளூர் என்று பார்க்க இடங்கள் இருக்கின்றன. அந்தப் பூதகணத்துக்குத் தலைவர் யார்? கணபதி. பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகர் முன் கைகூப்பி நிற்கிற நாம், பூதங்களின் தலைவர் முன்னால்தான் நிற்கிறோம்.

செட்டிநாட்டுக் கதைக்குப் பூதத்தைப் பயன்படுத்த இன்னொரு நல்ல காரணம் இருக்கிறது. செட்டிநாட்டு வணிகரான நகரத்தார் தாங்கள் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லும் மரபு உடையவர்கள். புகார் என்றும் பெயருள்ள அந்த ஊரில் நாளங்காடிப் பூதமும், பூதசதுக்கம் என்ற நாற்சந்தியில் ஒரு பூதமும் இருந்ததாகச் சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை சொல்கிறது. தவ வேடத்தில் ஒளிந்து தவறு செய்பவர், பிறர்மனை நயப்பவர், பொய்சாட்சி சொல்பவர், புறங்கூறுபவர் இவர்களையெல்லாம் பாசக்கயிற்றில் பிடிப்பேன் என்று நான்கு காதம் கேட்கும்படி கத்தி, பிடித்து, அடித்துத் தின்னுமாம். வியாபார நகரத்தில் பொய்சாட்சியைத் தின்கிற பூதம் எதற்கு என்று கணக்குப் புத்தகம் பார்த்த எந்த வீட்டுக்காரரும் புரிந்துகொள்வார்.

பணத்தைப் பூதம் காப்பது என்ற பேச்சும் இங்கேதான் சேர்கிறது. "பூதம் காத்த புதையல்" என்போம், உடையவனும் அனுபவிக்காத, ஊருக்கும் உதவாத சொத்தை. வள்ளுவர் இதையே பேய் என்கிறார்: "அருஞ்செவ்வி இன்னா முகத்தான் பெருஞ்செல்வம் பேஎய்கண் டன்னது உடைத்து" (565). எளிதில் பார்க்க முடியாத, பார்த்தாலும் முகம் சுளிக்கிறவனுடைய செல்வம் பேய் கண்ட செல்வம் போன்றது. வளவைச் சுற்றிப் பூட்டிய அறைகளும், வருசத்துக்கு ஒருமுறை திறக்கிற முகப்பும் உள்ள வீட்டில் கதை வைக்கிற உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான குறள் கிடைக்காது.

அச்சம் காவலாக மாறியதற்கு நம் பக்கத்துச் சாட்சி வைரவர். பைரவ என்ற வடசொல்லுக்கே அச்சம் தருவது என்று பொருள். ஆனால் வைரவன்பட்டியிலும், திருப்பத்தூர் திருத்தளிநாதர் கோயிலிலும், பெரிச்சிகோயிலிலும், இலுப்பைக்குடியிலும் வைரவரிடம் போகிறவர்கள் பயந்து ஓடுவதில்லை. பயம் தீரப் போகிறார்கள். கருப்பரும் அப்படியே. "காத்து கருப்பு அண்டாம இருக்கணும்" என்று குழந்தைக்கு மை வைக்கும்போது கருப்பு என்றால் பேய். ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கும்போது கருப்பர், காவல் தெய்வம். முனி அடித்துவிட்டது என்பதும் முனிதான், முனியாண்டிக்குப் பொங்கல் வைப்பதும் முனிக்குத்தான். ஆட்டம் வந்தவரைப் பார்த்து அருள் வந்திருக்கிறதா, மருள் வந்திருக்கிறதா என்று கேட்பதில் இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு சின்னது என்று தெரியும். போதாததற்கு, சாமியாடியையே மருளாளி என்று சொல்கிற ஊர்களும் உண்டு.

அணங்கில் இந்த இடைவெளியும் இல்லை. வருத்துகிற தெய்வம், அந்த வருத்தம், அச்சம், அழகி எல்லாம் அணங்கு. "அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ" என்று குறளில் காதலன் திகைப்பது அதனால்தான். அவன் முன் நிற்பது அழகா ஆபத்தா என்று அவனுக்கே தெரியவில்லை. சங்க காலத்தில் முருகனே அணங்குகிற தெய்வம். பெண் காதலால் மெலிந்தால் முருகு பிடித்தது என்று முருகன் பூசாரியான வேலனைக் கூட்டிவந்து வெறியாட்டு என்ற சாமியாட்டம் நடத்துவார்கள். நற்றிணை 34இல் தோழி அந்த முருகனிடமே, "கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற வாழிய முருகே" என்கிறாள். நீ கடவுளாகவே இருந்துகொள், ஆனால் விவரம் தெரியாதவன்! குன்றக்குடியில் காவடி எடுக்கிற நமக்கு இந்த உரிமை இன்று வராது. கோயில் பூசை, புராணம் எல்லாம் சேர்ந்து முருகனை அணங்கும் வேலையிலிருந்து விடுவித்துவிட்டன. இப்போது அந்த வேலையைப் பேய்கள் பார்க்கின்றன, வேலன் இடத்தில் உடுக்கையோடு கோடாங்கி உட்கார்ந்திருக்கிறார்.

அலகை, பிசாசு, வேதாளம் மூன்றையும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பிசாசும் வேதாளமும் வடமொழியிலிருந்து வந்தவை. வேதாளம் பிணத்துக்குள் குடியேறுவது. முருங்கை மரம் என்றால் நமக்கு அதுதான் நினைவுக்கு வரும். கொள்ளிவாய்ப் பிசாசு என்று தனியாக ஒன்று சொல்வார்கள். சதுப்பில் அழுகும் பொருள்களிலிருந்து கிளம்பும் வாயு எரிவதுதான் அது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அலகைக்குக் கற்றாழை என்றும் பொருள் உண்டு. "உலகத்தார் உண்டென்பது இல்லென்பான் வையத்து அலகையா வைக்கப் படும்" என்ற குறளைக் காட்டி, பேய் உண்டு என்று வள்ளுவரே சொல்லிவிட்டார் என்பவர்களைச் சந்தித்திருக்கிறேன். அந்த அதிகாரம் புல்லறிவாண்மை, அதாவது அரைகுறை அறிவு. யாரைப் பற்றிய பேச்சு என்று அதிலேயே தெரிகிறது. இன்று அலகை உயிரோடு உலவுவது கத்தோலிக்கர்களின் திருவிவிலியத்தில். சீர்திருத்த சபைகளின் பழைய மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் பிசாசு இருக்கும்.

அந்த மொழிபெயர்ப்புகளில் வருகிற சாத்தான் என்ற சொல் ஒரு தனி வேடிக்கை. அது எபிரேயத்திலிருந்து வந்தது. ஆனால் தமிழில் ஏற்கெனவே சாத்தன் இருந்தார்: ஐயனாருக்குச் சாத்தன் என்று பெயர், வணிகர் கூட்டத்துக்குச் சாத்து என்று பெயர், கோவலனுடைய அப்பா மாசாத்துவான், மணிமேகலை பாடிய சாத்தனார் கூலவாணிகர். மண்குதிரைகள் சூழ ஊரைக் காக்கிறவருடைய பெயரும், எல்லாத் தீமைக்கும் தலைவனுடைய பெயரும் ஓசையில் வந்து மோதிக்கொண்டன, அவ்வளவுதான். இரண்டையும் இணைத்துக் கட்டுரை எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். மலையாளப் பக்கத்திலிருந்து வந்த குட்டிச்சாத்தான் பழைய சாத்தன் வழி, விவிலிய வழி அல்ல.

பெண்பேயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, உங்கள் கதையில் எப்படியும் ஒன்று வரும் என்று ஊகிக்கிறேன். வெள்ளைச் சேலை, கொலுசு, மல்லிகைப்பூ எல்லாம் திரைப்படம் தந்த சீதனம். திருமுருகாற்றுப்படை காட்டும் பேய்மகள் உலர்ந்த கூந்தல், பிறழ்ந்த பல், சுழலும் விழி, காதில் தொங்கும் கூகையும் பாம்பும் உடையவள். அந்த வடிவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் காரைக்கால் அம்மையார், வணிகர் வீட்டுப் பெண். "கொங்கை திரங்கி நரம்பெழுந்து குண்டுகண் வெண்பற் குழிவயிற்று" என்று ஆலங்காட்டுப் பேயைப் பாடும்போது அவர் வெளியே நின்று பாடவில்லை. காரைக்கால் பேய் என்று தம்மையே சொல்லிக்கொள்கிறார். அறுபத்துமூவர் வரிசையில் உட்கார்ந்த கோலத்தில் இருப்பவர் அவர். அழகு போனது அவருக்குத் தண்டனையாக இல்லை, விடுதலையாக இருந்தது. வைணவத்திலும் பேயாழ்வார், பூதத்தாழ்வார் இருவரும் இருக்கிறார்கள். நமக்குப் பக்கத்திலுள்ள திருக்கோஷ்டியூரை இருவருமே பாடியிருக்கிறார்கள்.

வீட்டைப் பற்றி எழுதுவதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலைக்கு மேலே பர்மாத் தேக்கில் கஜலட்சுமியின் இரு பக்கமும் நிற்கிற மிருகம் பேயும் அல்ல, பூதமும் அல்ல, அது யாளி. குறிஞ்சிப்பாட்டில் இரவு வழியின் ஆபத்துகளைத் தோழி அடுக்கும்போது புலி, கரடி, உரும், சூர், பாம்பு, முதலை இவற்றோடு ஆளியும் வருகிறது. அங்கே உரும் என்றால் இடி, சூர் என்றால் வருத்தும் தெய்வம். முதலையில் மட்டுமே முதலை, இடங்கர், கராம் என்று மூன்று வகை. இடியும் தெய்வமும் முதலையும் ஒரே வரிசையில் நிற்கிற பட்டியல் அது. பேய், விலங்கு என்று நாம் போடுகிற கோடு அவர்களுக்கு இல்லை. திருவாசியின் உச்சியிலும் வாசல் மேலும் கண் பிதுங்கி, நாக்கு நீட்டி இருக்கும் முகம் கீர்த்திமுகம். பசி தாங்காமல் தன் உடம்பையே தின்று, முகம் மட்டும் மிஞ்சி, சிவன் அதையே வாசலில் வைத்தார் என்பது கதை.

சரி, கடைசியாக, எந்தச் சொல்லை யார் வாயில் வைப்பது? உங்கள் கதையில் அப்பத்தா ஒருவர் இருந்தால் அவர் அலகை என்றோ கழுது என்றோ சொல்லவே மாட்டார். "பேய்" என்றுகூட விளக்கு வைத்த பிறகு சொல்ல மாட்டார். "காத்து கருப்பு", "அது", "முனி" என்பார். கோடாங்கி வந்தால் அவர் பெயர் கேட்பார், ஊர் கேட்பார், எதற்கு வந்தாய் என்று கேட்பார். அவருக்கு அது பெயருள்ள ஆள், பொதுப்பெயர் உதவாது. கூலிக்கு வந்த தச்சரோ கொத்தனாரோ பூதம், புதையல் என்று பேசலாம். தமிழாசிரியர் ஒருவர் வந்தால் அலகையைத் தாராளமாக அவருக்குக் கொடுங்கள், சிரிப்பும் கிடைக்கும். வெளிநாட்டில் வளர்ந்து லீவுக்கு வந்த பேரப்பிள்ளைக்குப் பிசாசு, மோகினி என்று படத்தில் கேட்ட சொற்கள்தான் தெரியும். கதை சொல்கிற உங்கள் குரலுக்குப் பேய் ஒன்றே போதும். அலுப்பாக இருக்கிறது என்று அதை மாற்றாதீர்கள். அலுப்பு வந்தால் பேய் வருகிற இடங்களைக் குறையுங்கள்.